பள்ளு நூலிற் பண்ணைக் கணக்கு

பள்ளு இலக்கியத்தைக் கற்போர் பலர் அதன் சந்தத்தையும் பள்ளியர் இருவரின் ஏசலையும் பாராட்டுவர். இடையே வரும் விதைவகை, மாட்டுவகை, ஏர்வகைப் பட்டியல்களையோ விரைந்து கடந்துவிடுவர். புலவனது சொல்வளங் காட்டவே அவை எழுந்தன என்பது அவர் கருத்துப் போலும். முக்கூடற் பள்ளை ஊன்றி நோக்குவார்க்கு அப்பட்டியல்களே நூலின் உயிர்நிலை என்பது புலனாகும்.

திருநெல்வேலிச் சீமையிலே, பொருநையும் சிற்றாறும் கூடுமிடத்து, அழகர் கோயில்கொண்ட முக்கூடலே நூலின் களம். ஆங்குப் பண்ணையை மேற்பார்ப்பவன் பண்ணைக்காரன். அவனது நாளாந்தத் தொழில் யாது? அவன் ஏர் பிடிப்பதில்லை, மடை திறப்பதுமில்லை. வித்து எவ்வளவு, எருது எத்தனை, கலப்பை யாண்டுளது எனக் கேட்பதும், குறை கண்டவிடத்து ஒறுப்பதுமே அவன் தொழில். மூத்த பள்ளி முறையிட்டவுடன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகின்றான். பின்னர் அவளே மனமிரங்கி வேண்ட, விடுவிக்கின்றான்.

விடுபட்டவன் கணக்குக் கூறுகின்றான். மணல்வாரி, சிறைமீட்டான், சித்திரக்காலி என நெல்வகைகளையும், செம்மறையன், குடைக்கொம்பன் என நிறத்தாலும் கொம்பாலும் எருதுகளையும் பெயர் சுட்டி அடுக்குகின்றான். தொழுவினின்று மீண்டவன் நாவிற் சிறைமீட்டான் என்னும் நெற்பெயர் ஒலிக்குங்கால் நம் நெஞ்சம் ஒருகணம் நின்றுவிடுகின்றது. கேட்பவனிடத்து அதிகாரம் உளது. சொல்பவனிடத்து அறிவு உளது. பண்ணை நடப்பது பின்னவனாலேயே என்பதைப் பட்டியல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. இதனை வெறும் அடுக்கெனத் தள்ளுதல் பொருந்தாது.

எனினும் நூலின் குறையையும் கூறுதல் திறனாய்வாளன் கடன். பண்ணைக்காரனது தோற்றத்தைப் புலவர் வாயார எள்ளுகின்றார். அவ்வெள்ளல் அவன் உடலைத் தொடுகின்றது. அவன் ஆளும் தொழுமரத்தைத் தொடவில்லை. உழவின்போது மாடு பாயப் பள்ளன் வீழ்கின்றான். தேறியதும் மீண்டும் வயலுக்கே செல்கின்றான். நெல் விளைந்து அளக்கப்பட்ட பின்னர், தனக்குரிய பங்கு கிடைத்திலதென மூத்த பள்ளி முறையிடுகின்றாள். விளைவு யாருக்குரியது என்னும் வினா எழவேண்டிய இடம் இதுவே. நூலோ அதனை எழுப்பாது சக்களத்தியர் பூசலுக்குத் திரும்பி, சைவ வைணவ ஏசலாய் வளர்ந்து, இணக்கத்தில் முடிந்துவிடுகின்றது. நகைச்சுவை ஈண்டு நீதிக்குத் திரையாகின்றது.

நமது ஈழத்திலும் கதிரைமலைப் பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு ஆகியன எழுந்துள. அவற்றையும் சந்த இன்பத்துக்காக மட்டும் ஓதாது, கணக்குக் கேட்பவன் யார், கொடுப்பவன் யார், அளந்த நெல் எவர் களஞ்சியம் புகுந்தது என மாணாக்கர் வினவுவாராக. அவ்வாறு வினவுதல் புலவர்க்கு இழுக்காகாது. நூலுள் அடங்கிக் கிடக்கும் உழவனது குரலுக்குச் செவிசாய்த்தலேயாகும்.