பழைய புட்டியும் பத்து நாக்கும்

முப்பது ஆண்டுப் பழமையுள்ள போர்தோ சிவப்பு ஒயினைத் தனியாக உட்கார்ந்து திறப்பவர்கள் குறைவு. விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு ஒயின் இல்லாவிட்டால் அதைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது என்பது. அதனால்தான் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆர்வலர்கள் ஆளுக்கொரு புட்டியோடு ஒரே மேசையில் கூடுகிறார்கள். 750 மில்லி புட்டியைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 75 மில்லி, நான்கைந்து வாய். அதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பழக்கத்தால் உண்மையான பயன் உண்டு. 1976-இல் பாரிஸில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பில், லேபிள் தெரியாமல் குடித்த பிரெஞ்சு நடுவர்கள் கலிஃபோர்னிய ஒயினை முதலிடத்தில் வைத்தார்கள். எங்கள் ஒயின்கள் மெதுவாக முதிர்பவை, பொறுத்திருந்து பாருங்கள் என்றது பிரெஞ்சுத் தரப்பு. 2006-இல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் சுவைத்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே போயின. ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 முதலாவது. எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் தீர்ந்திருக்காத வழக்கைச் சுவைப்பே தீர்த்தது.

ஆனால் ஆண்டுகள் எல்லாப் புட்டிகளையும் ஒன்றுபோல் முதிர வைப்பதில்லை. துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகப் படிகின்றன. ஊதாச் சிவப்பு செங்கல் நிறமாகிறது. பழ வாசனை பின்வாங்கி, தோல், ஈரமண், காய்ந்த இலை வாசனைகள் முன்வருகின்றன. எவ்வளவு வேகமாக என்பது கார்க்கையும் வைத்திருந்த இடத்தையும் பொறுத்தது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு புட்டிகளே வேறுபடும். இது ஆர்வலர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், குறிப்பேட்டில் ‘இந்த விளைச்சல் ஆண்டின் ஒயின் முடிந்துவிட்டது’ என்றுதான் எழுதுகிறார்கள். முடிந்தது அந்தப் புட்டி.

ஷாம்பெயினுக்கு நடக்கும் அநீதி இன்னும் பெரிது. விருந்தினர் நின்றுகொண்டு பேசும் நேரத்தில், பனிக்கட்டிக் குளிரில், குறுகலான கோப்பையில் அதை ஊற்றி முடித்துவிடுகிறார்கள். முதிர்ந்த ஷாம்பெயினில் குமிழி தணிந்து, வறுத்த ரொட்டி, கொட்டை, காளான் வாசனைகள் எழும். அதற்கு அகன்ற கோப்பையும் சற்றே குறைந்த குளிர்ச்சியும் வேண்டும். ஈஸ்ட் படிவை எந்த ஆண்டில் நீக்கினார்கள் என்பதும் சுவையை மாற்றும். மேசையில் அதைக் கேட்பவர் அபூர்வம். 2010-இல் பால்டிக் கடலடியில், மூழ்கிய கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 170 ஆண்டுப் பழைய ஷாம்பெயின் புட்டிகள் கிடைத்தன. முதல் முகர்வில் ஈர முடியும் பாலாடைக்கட்டியும் போல நாறிய அந்த ஒயின், கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டபின் புகையும் மசாலாவும் தோலுமாக மாறியது. முதல் முகர்விலேயே உதட்டைப் பிதுக்கும் நிபுணர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கூட்டத்தின் பெரிய குறை நாக்கில் இல்லை, கண்ணிலும் காதிலும் இருக்கிறது. 2001-இல் வெளியான ஆய்வொன்றில், போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். நிறமே இவ்வளவு செய்யுமென்றால், புகழ்பெற்ற லேபிளும், மேசையின் மூத்தவர் முதலில் விடும் ஒரு பெருமூச்சும் என்னதான் செய்யாது?

போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவானின் விவகாரம் இதன் உச்சம். லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் மேசைகளில் அரிய பர்கண்டி ஒயின்களை வாரி வழங்கியவர் அவர். குடித்து முடித்த காலிப் புட்டிகளைத் தன்னிடம் அனுப்பிவைக்கச் சொல்வாராம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நாகரிகமல்ல என்பது அந்த மேசைகளுக்கும் பொருந்தியது. மேலும், உண்மையான 1945-ஆம் ஆண்டு ஒயினை முன்பே குடித்திருந்தால்தானே போலியைக் கண்டுகொள்ள முடியும்? சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் 2008-இல் குர்னியவான் ஏலத்துக்குத் தந்த, பொன்சோ என்னும் பர்கண்டித் தயாரிப்பாளரின் புட்டிகளை விலக்க வைத்தது நாக்கு அல்ல, வரலாறு: லேபிளில் இருந்த தோட்டத்தின் ஒயினையே அந்த ஆண்டுகளில் தம் குடும்பம் தயாரிக்கவில்லை என்று லோரான் பொன்சோ சுட்டிக்காட்டினார். குர்னியவான் 2012-இல் கைதானார். 2014-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இதனால் கூட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய ஒயினை அறிய வேறு வழி இல்லை. புட்டியைத் துணியால் மூடி ஊற்றட்டும், வாய் திறக்குமுன் ஒவ்வொருவரும் எழுதி முடிக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சுவைக்கட்டும். இவை நடக்காத மேசைக்கு விருந்து என்று போய் வரலாம். அங்கே போடும் மதிப்பெண்ணை நம்பிப் புட்டி வாங்கக் கூடாது.