வட அமெரிக்கத் துறைமுகக் கோட்டைகள்: ஒரு மதிப்பீடு

கடல்வழியாக வரும் பகைக் கப்பல்களிடமிருந்து துறைமுக நகரங்களையும் கப்பல் கட்டும் தளங்களையும் காப்பதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் கட்டப்பட்ட கோட்டைகளும் கரையோரப் பீரங்கி மேடைகளும் வட அமெரிக்கத் துறைமுகக் கோட்டைகள் எனப்படுகின்றன. ஐக்கிய நாடுகளில் இப்பணி 1794இல் தொடங்கி இரண்டாம் உலகப் போரின் முடிவு வரை, ஏறத்தாழ 150 ஆண்டுகள் நடைபெற்றது. இவற்றுள் பெரும்பாலானவை பகைவனை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடாமலே கைவிடப்பட்டன.

இதைக் கொண்டு இருவகைத் தீர்ப்புகள் கூறப்படுவதுண்டு. சுடாத பீரங்கிக்குச் செலவிட்ட பணம் வீண் என்பது ஒன்று. கோட்டை இருந்ததால்தான் பகைவன் வரவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் எளிதாகச் சொல்லிவிடக் கூடியவை. இரண்டையும் மெய்ப்பிப்பது கடினம். பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கவில்லை என்றால், அது பூட்டின் சிறப்பா, திருடன் அந்தத் தெருவுக்கே வராததா என்று எப்படிச் சொல்வது? ஆகவே, தாக்குதல் உண்மையிலேயே நிகழ்ந்த சில இடங்களைப் பார்ப்பதே முறையான சோதனையாகும்.

பால்டிமோர், 1814

1814 ஆகஸ்டில் பிரித்தானியப் படை வாசிங்டன் நகருக்குள் நுழைந்து அரசுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. பொட்டாமக் ஆற்றங்கரையில் தலைநகரைக் காக்கவேண்டிய கோட்டையை, பிரித்தானியக் கப்பல்கள் நெருங்கியபோது அதன் காவற்படையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வெளியேறியது. அடுத்த மாதம் பால்டிமோரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மெக்கென்றி கோட்டை மீது செப்டம்பர் 13, 14 ஆகிய நாள்களில் சுமார் 25 மணி நேரம் குண்டுகள் பொழிந்தன. கோட்டை பணியவில்லை.

இரண்டும் கோட்டைகளே. ஆயினும் பால்டிமோரில் கோட்டை தனித்து நிற்கவில்லை. துறைமுக வாயிலில் பழைய கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்திருந்தனர். தரைவழியாக வந்த பிரித்தானியப் படையை எதிர்கொள்ள நகரத்துக் குடிப்படையும் மண்ணரண்களும் இருந்தன. சுவர், தடை, ஆட்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே நகரைக் காத்தன. பின்னாளில் இந்த வெற்றி நினைவில் நின்றது. அதன் காரணங்களுள் சுவர் மட்டுமே பெரிதாகப் பேசப்பட்டது.

செங்கற்சுவர்களின் காலம்

1816க்குப் பின் மூன்றாம் கோட்டைத் தொகுதி எனப்படும் பெருந்திட்டம் தொடங்கியது. நெப்போலியனிடம் பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியாளர் சீமோன் பெர்னார்டும், அமெரிக்கப் பொறியாளர் சோசப் டாட்டனும் இதன் முதன்மைச் சிற்பிகள். துறைமுகங்களைக் கோட்டைகள் காத்துக்கொண்டால், கடற்படை கரையோரம் கட்டுண்டு கிடக்காமல் திறந்த கடலில் போரிடலாம் என்பது அவர்களின் கருத்து. இது அறிவார்ந்த கருத்தே.

குறை, கட்டுமானம் எடுத்துக்கொண்ட காலத்தில் இருந்தது. சவானா நகருக்கு அருகிலுள்ள புலாஸ்கி கோட்டையின் பணி 1829இல் தொடங்கி 1847இல் முடிந்தது. சுமார் 2.5 கோடிச் செங்கற்கள் கொண்டு ஏழரை அடித் தடிமனில் சுவர்கள் எழுந்தன. அக்காலப் பீரங்கிகளின் உட்குழல் வழவழப்பானது. அவற்றின் உருண்டைக் குண்டுகளால் ஒரு மைல் தொலைவிலிருந்து இச்சுவரை உடைக்க இயலாது.

உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரலில், இக்கோட்டை தெற்கத்தியக் கூட்டணியின் கையில் இருந்தது. ஒன்றியப் படைப் பொறியாளர் குவின்சி கில்மோர் ஒரு மைலுக்கும் அப்பாலுள்ள டைபீ தீவில் பீரங்கிகளை நிறுத்தினார். அவற்றுட் சிலவற்றின் குழலில் சுருள் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அப்பள்ளங்கள் நீண்ட கூர்முனைக் குண்டைச் சுழலச் செய்து, குறி தவறாமல் ஆழமாகப் பாய வைத்தன. சுமார் 30 மணி நேரத்தில் சுவர் பிளந்தது, உள்ளிருந்த வெடிமருந்துக் கிடங்கு ஆபத்துக்குள்ளானது, கோட்டை பணிந்தது. பதினெட்டு ஆண்டு உழைப்பின் பயன் ஒன்றரை நாளுக்குள் முடிந்தது.

அதே மாதம் ஃபாரகட்டின் கப்பல்கள் இரு கோட்டைகளை இரவோடிரவாகக் கடந்து சென்று நியூ ஆர்லியன்சைக் கைப்பற்றின. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவு தேவையில்லை; கோட்டையை வெல்லாமலே அதைத் தாண்டிச் செல்ல முடிந்தது.

இவற்றுக்கு மாறான பாடத்தைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டை தந்தது. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் முதற்குண்டு பாய்ந்தது இக்கோட்டை மீதுதான். பின்னர் 1863 முதல் ஒன்றியப் படை அதை அடித்து நொறுக்கியது. சுவர் இடிந்து இடிபாடும் மணலும் குவிந்த மேடாகியும் கோட்டை பணியவில்லை. குண்டு பட்டுச் செங்கல் உடைகிறது. மணலோ குண்டை விழுங்கிக்கொள்கிறது. 1865 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டதும் கடல்வழித் தாக்குதலால் அன்று. செர்மனின் படை உள்நாட்டு வழியாக முன்னேறியதாலேயே.

எண்டிகாட் திட்டம்

போர்ச் செயலர் வில்லியம் எண்டிகாட்டின் தலைமையிலான குழு 1886இல் அளித்த அறிக்கை, இப்பாடங்களைக் கற்றுக்கொண்ட ஆவணம் எனலாம். உயர்ந்த சுவர்களுக்குப் பதிலாக மண்ணால் மறைக்கப்பட்ட கான்கிரீட் மேடைகள், எஃகுப் பீரங்கிகள், குழிகளில் வைக்கப்பட்ட 12 அங்குலக் குறும்பீரங்கிகள், கரையிலிருந்து மின்சாரத்தால் இயக்கப்படும் கடற்கண்ணிகள் என அனைத்தும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன.

இதன் புகழ்பெற்ற கருவி மறையும் பீரங்கி. அது சுவருக்கு மேலே எழுந்து சுடும். சுட்ட அதிர்வினாலேயே பின்வாங்கிக் கீழே இறங்கி மறையும். வீரர்கள் மறைவில் நின்று அடுத்த குண்டை இடுவர். ஆனால் அந்தப் பொறியமைப்பு குழலை அதிகம் உயர்த்த இடந்தரவில்லை. குழல் உயராவிட்டால் குண்டு தொலைவு செல்லாது. சில ஆண்டுகளிலேயே போர்க்கப்பல்களின் பீரங்கிகள் தொலைவில் இவற்றை விஞ்சின. மறைவிடமோ மேலே திறந்திருந்தது. விமானம் வந்தபின் அம்மறைவுக்குப் பொருளில்லை.

இரண்டாம் உலகப் போர்

1942 சூன் 21 இரவு, ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்திலுள்ள ஸ்டீவன்ஸ் கோட்டையை நோக்கிச் சப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஐ-25 சுட்டது. அங்கிருந்த 10 அங்குல மறையும் பீரங்கிகள் பதிலுக்குச் சுடவில்லை. கப்பல் எட்டாத தொலைவில் உள்ளதாகக் கணிக்கப்பட்டது; சுட்டால் பீரங்கிகளின் இடம் வெளிப்பட்டுவிடும் என்ற கவலையும் இருந்தது. சேதம் மிகச் சிறிதே. எனினும் இத்தகைய பகைவனுக்காகவே காத்திருந்த பீரங்கிகள் அவன் வந்தபோது வாளாவிருந்தன.

நியூபவுண்ட்லாந்தின் பெல் தீவில் நேர்ந்தது கொடியது. அங்கிருந்து இரும்புத்தாது கப்பலேற்றப்பட்டது. காவலுக்குக் கரைப் பீரங்கிகளும் இருந்தன. 1942 செப்டம்பரிலும் நவம்பரிலும் செருமானிய நீர்மூழ்கிகள் அங்கு வந்து நான்கு தாதுக் கப்பல்களை மூழ்கடித்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீருக்கடியில் வரும் பகைவனுக்குப் பீரங்கி விடையன்று. வலைகளும் கண்ணிகளும் ரோந்துக் கப்பல்களுமே விடை.

போருக்குப் பின் பெரும் பீரங்கிகள் பழைய இரும்பாக வெட்டப்பட்டன. 1950இல் அமெரிக்கக் கடலோரப் பீரங்கிப் படை கலைக்கப்பட்டது. இன்று வாசிங்டன் மாநிலத்தின் கேசி கோட்டையில் பயணிகள் காணும் மறையும் பீரங்கிகள்கூட அக்கோட்டையில் முதலில் இருந்தவை அல்ல, பிலிப்பைன்சிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

கட்டியவர்கள்

இக்கோட்டைகளைப் பற்றிய நூல்கள் பொறியாளர்களின் பெயர்களைச் சொல்லும் அளவுக்குச் செங்கல் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்வதில்லை. தென்மாநிலக் கோட்டைகள் பலவற்றில் அடிமைகளின் உழைப்பு பயன்பட்டது. உடைமையாளர்கள் அவர்களை வாடகைக்கு விட்டுக் கூலியைத் தாங்கள் பெற்றனர். வர்சீனியாவின் மன்றோ கோட்டையும் அவ்வாறு எழுந்ததே.

1861 மே மாதத்தில் பிராங்க் பேக்கர், செப்பர்ட் மெல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி, ஒன்றியத்தின் வசமிருந்த மன்றோ கோட்டையை அடைந்தனர். எதிர்க்கரையில் தெற்கத்தியரின் பீரங்கி மேடை ஒன்றைக் கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். உடைமையாளர் சார்பில் அவர்களைத் திருப்பிக் கேட்டபோது தளபதி பெஞ்சமின் பட்லர் மறுத்தார். போர்ப்பணிக்குப் பயன்பட்டதால் அவர்கள் பறிமுதல் செய்யத்தக்க போர்ப்பொருள் என்பது அவர் வாதம். மனிதரைப் பொருளாகக் கருதும் சட்டத்தையே அச்சட்டத்துக்கு எதிராக அவர் திருப்பினார். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அக்கோட்டையை நாடி வந்தனர்.

மதிப்பீடு

துறைமுகக் கோட்டைகள் அனைத்தும் வீண் என்பது பொருந்தாது. தடைகள், கண்ணிகள், தரைப்படை ஆகியவற்றோடு சேர்ந்து நின்ற இடங்களில் அவை பயன்பட்டன. அவையே போதும் என்று நம்பிய இடங்களில் தோற்றன. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட கடைசிப் பகைவனுக்காகக் கட்டியது; கட்டி முடிப்பதற்குள் பகைவனின் கருவி மாறியது. மாணவர்கள் ஒரு கோட்டையை ஆராயும்போது, அதன் சுவர் எவ்வளவு தடிமன் என்பதோடு, அது எந்த ஆண்டின் ஆயுதத்தை எண்ணிக் கட்டப்பட்டது, அதைக் கட்டியவர் யார் என்பவற்றையும் கேட்கவேண்டும்.

மன்றோ கோட்டையை உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர் கைப்பற்ற முடியவில்லை. ஆயினும் அதன் வரலாற்றில் மிகுந்த விளைவை உண்டாக்கிய செயல் பீரங்கியால் நிகழவில்லை. மூவர் வந்தபோது கதவு திறந்ததும், அவர்களைத் திருப்பி அனுப்பாததுமே அச்செயலாகும்.