கணக்கேடும் மனச்சாட்சியும்: றொபேட் கீனின் மரணசாசனம் பற்றிய ஒரு நோக்கு

சமய நம்பிக்கைக்கும் பொருளாதார வாழ்வுக்குமிடையேயுள்ள உறவு, சமூகவியலாளரை நெடுங்காலமாக ஈர்த்துவரும் பிரச்சினைகளுள் ஒன்றாகும். கல்வினிய ஒழுக்கமே நவீன முதலாளித்துவ மனப்பாங்குக்கு ஊட்டமளித்தது என்னும் கருத்தை மக்ஸ் வெபர் 1904 - 1905 ஆம் ஆண்டுகளில் முன்வைத்தார். ஆயின், அம்மனப்பாங்கின் தூய வடிவமாக அவர் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டினரான பென்ஜமின் பிராங்கிளின். பிராங்கிளினிடத்தே சிக்கனமும் உழைப்பும் எஞ்சின. அவற்றைப் பிறப்பித்த இறையச்சம் தேய்ந்துவிட்டது. எனவே, நம்பிக்கை உயிர்ப்புடன் இயங்கிய முதற் தலைமுறையிற் கொள்வனவும் விற்பனையும் எவ்வாறு நோக்கப்பட்டன என்பதை ஆராய்வதே பொருத்தமாகும். அதற்கு வாய்ப்பானதொரு சான்று, பொஸ்ரன் நகர வணிகர் றொபேட் கீனின் மரணசாசனம்.

1630க்கும் 1640க்குமிடையில் ஏறத்தாழ 20,000 தூய்மைவாதிகள் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். ஆணி, துணி, கருவிகள் முதலிய அன்றாடப் பொருள்களுக்கு அவர்கள் கப்பல்களையே நம்பியிருந்தனர். பொருள்கள் அருகின, வந்திறங்குவோர் கையிற் பணமிருந்தது, விலைகள் ஏறின. மசாசூசெற்ஸ் குடியேற்றத்தின் ஆட்சியாளர் 1630 இலேயே தச்சர் முதலியோரின் கூலிக்கு வரம்பிட்டனர். 1633 இல் இறக்குமதிப் பொருள்களின் இலாபத்துக்கும் எல்லை வகுத்தனர். இறைவனோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமூகம் எனத் தம்மைக் கருதிய அவர்களுக்கு, விலை என்பது வெறும் சந்தை விவகாரமன்று. அது சகோதரத்துவத்தின் அளவுகோலுமாகும்.

இச்சூழலிலேயே 1639 இல் கீன்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்து, இலண்டனில் வணிகராக உயர்ந்து, 1635 இல் பொஸ்ரனுக்கு வந்தவர் அவர். சில சிறு பொருள்களை அடக்கவிலையின் இருமடங்குக்கும் மேலாக விற்றார் என்பதே முறைப்பாடு. பொது மன்றம் 200 பவுண் தண்டம் விதித்தது. பின்னர் அது 80 பவுணாகக் குறைக்கப்பட்டது. அக்காலத்தில் இலாபத்தை வரையறுக்கும் சட்டம் எதுவும் நடைமுறையில் இருக்கவில்லை என்பதை ஆளுநர் ஜோன் வின்றொப்பின் நாட்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. ஆகவே, கீன் மீறியது சட்டத்தையன்று, ஒரு பொது மனச்சாட்சியையே எனலாம். திருச்சபையும் அவரைக் கண்டித்தது. தமது பேராசையைக் கண்ணீருடன் ஏற்று அவர் வருந்தினார் என வின்றொப் எழுதுகிறார்.

இதனையொட்டிப் போதகர் ஜோன் கொற்றன் வணிக அறம் பற்றிப் பிரசங்கம் செய்தார். இயன்றவரை மலிவாக வாங்கி இயன்றவரை விலைகூட்டி விற்கலாம் என்பது பொய்க்கோட்பாடு என்றார். கடலிற் பொருளிழந்தவன் அந்நட்டத்தை வாங்குவோர் தலையிற் சுமத்தலாகாது என்றார். ஆயினும், பொருள் அருகியவிடத்து விலையை உயர்த்தலாம். அஃது இறைவனின் செயல் என்றும் அவர் இடமளித்தார். இடைக்கால நீதி விலைக் கோட்பாட்டின் மதிலில், சந்தை நுழையக்கூடிய வாயிலொன்றைப் போதகரே திறந்துவைத்தமை இங்குக் கவனிக்கத்தக்கது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1653 இல், கீன் தம் கைப்பட 158 பக்கங்களில் மரணசாசனத்தை எழுதினார். சொத்துப் பங்கீட்டைக் கூறவேண்டிய ஆவணம் ஒரு தன்னிலை விளக்கமாக விரிகின்றது. ஆணி, கடிவாளம், பொத்தான் என ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்து மறுக்கின்றார்; தமது கணக்கேடுகளைச் சாட்சிக்கழைக்கின்றார். அன்று அழுதவர் இன்று வழக்காடுகின்றார். இவ்விரண்டில் எது உண்மையான கீன்?

சமயத்தை வெறும் முகமூடியாகக் கொள்வோர், சாசனத்தின் வணிகனே உண்மையானவன் என்பர். அது மேலோட்டமான வாசிப்பு. வெறும் வணிகனாயின், செலுத்தி முடித்த தண்டத்துக்காக இத்தனை பக்கங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. தம்மைக் கண்டித்த அறத்தை அவர் நிராகரிக்கவில்லை. அந்த அறத்தின் முன்னிலையிலேயே தாம் நிரபராதி என வாதிடுகின்றார். சோம்பலின்றி உழைக்கவும் கணக்கை ஒழுங்காக வைக்கவும் கற்பித்த சமயமே, உழைப்பின் பயனைத் துய்ப்பதைச் சந்தேகித்தது. இம்முரண் கீனுக்கு வெளியே இருந்ததன்று, அவருள்ளேயே இருந்தது. வெபரின் கோட்பாடு உந்துதலை விளக்குகிறது. தடையின் வலிமையை அவ்வளவாக விளக்கவில்லை. அத்தடையை 1926 இல் வெளிவந்த தமது நூலில் ஆர். எச். ரோணி எடுத்துக்காட்டியமை குறிப்பிடத்தக்கது.

எனினும், இவ்வறத்தை மிகைப்படப் போற்றுதலும் தவறாகும். ஆணியின் விலையை நுணுகி ஆராய்ந்த இச்சமூகம், தான் கால்பதித்த நிலத்தின் விலையை அதே கண்கொண்டு நோக்கவில்லை. கொள்ளைநோயால் மடிந்த சுதேச மக்களின் நிலங்களை வெற்றிடமெனக் கருதி உரிமைகோரும் வாதத்தை முன்வைத்தவரும் அதே வின்றொப்தான். சகோதரத்துவத்தின் எல்லை திருச்சபையின் எல்லையைத் தாண்டவில்லை.

கீன் 1656 இற் காலமானார். சந்தையும் நகர மண்டபமும் அமைப்பதற்கு அவர் விட்டுச்சென்ற 300 பவுணை முதலாகக் கொண்டு, பொஸ்ரனின் முதலாவது நகர மண்டபம் 1658 இல் எழுந்தது. கீழ்த்தளத்தில் வணிகர் கூடினர். மேல்தளத்தில் மன்று கூடியது. 1711 இற் தீக்கிரையாகும்வரை, தண்டித்த அதிகாரமும் தண்டிக்கப்பட்ட வணிகமும் அவ்வொரு கூரையின் கீழேயே இயங்கின. பின்வந்த தலைமுறைகளில் கீழ்த்தளத்தின் குரலே ஓங்கிற்று. கீனின் சாசனம், அவ்விரு குரல்களும் சமவலிமையுடன் ஒரே நெஞ்சில் மோதிய காலத்தின் பதிவாக நிலைபெறுகின்றது.