கணக்கு எழுதாத கதைகள்

தமிழ்க் கதைகளில் கால் விளங்காத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பெண்களுக்கும் பஞ்சமே கிடையாது. அவர்களுக்காக உருகுகிற தாயும், கண்ணீரை மறைத்துக்கொள்கிற தகப்பனும், கல்யாணமே வேண்டாம் என்று நிற்கிற அக்காளும் கூடவே வருவார்கள். அந்த வீட்டில் மாதம் என்ன வரவு, என்ன செலவு, யார் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு தங்கினார்கள், எந்த நகை எந்த வருஷம் அடகுக்குப் போயிற்று என்ற விவரம் மட்டும் வராது. வைத்தியர் வந்து போவார். அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று கதை சொல்லாது.

இது சின்னக் குறை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறவர் வரதட்சிணைத் தொகையைச் சொல்லாமல் விடுவதில்லை. வேலையில்லாத வாலிபனைப் பற்றி எழுதுகிறவர் அவன் சட்டைப் பையில் இருக்கிற சில்லறையைக்கூட எண்ணிச் சொல்லிவிடுகிறார். உடல் ஊனமுற்ற ஒருவர் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தவுடன் மட்டும் எழுத்தாளருக்குக் கணக்கு மறந்துபோகிறது, கருணை வந்துவிடுகிறது. கருணை நல்ல குணம்தான். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் அது கண்ணை மறைத்தால், இலக்கியத்துக்கு அதனால் நஷ்டமே ஒழிய லாபமில்லை.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. மதுரைக்கு வந்து சேர்ந்த அவன் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுக்கிறான். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், நோயாளிகள் என்று எல்லோரையும் கூப்பிட்டு உண்ணச் செய்து, மிஞ்சியதைத் தான் உண்கிறான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களையும் சாத்தனார் அதே வரிசையில் வைத்திருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் ஓர் ஊனம்தான் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்து வைத்திருந்த கவிஞர் அவர். ஆனால் அப்புறம் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் வந்த பிறகு கணக்குக்கு என்ன வேலை? நம்முடைய பிற்காலக் கதைகள் ஆபுத்திரன் தெருத் தெருவாக அலைந்த பகுதியை விட்டுவிட்டன. அமுதசுரபியை மட்டும் எடுத்துக்கொண்டன. தாயின் அன்பு என்றோ, பணக்கார நண்பரின் தாராளம் என்றோ, கடைசி அத்தியாயத்து அற்புதம் என்றோ அதற்குப் பெயர் மாறியதுதான் வித்தியாசம்.

சினிமாவில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1959இல் வெளிவந்த பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் சிவாஜி கணேசனின் கண்ணையன் மறக்க முடியாத பாத்திரம். ஒரு கையும் காலும் விளங்காத மனிதனின் உடம்பை அவர் நடித்துக் காட்டியதைப்போல் அதற்கு முன்னால் தமிழில் யாரும் காட்டியதில்லை. ஆனால் சிறு வயதில் மின்சாரம் பறித்ததை முடிவில் மின்சாரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படியொரு பிள்ளை இருந்திருந்தால், மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு அந்த முடிவால் என்ன பிரயோஜனம்?

2019 பிப்ரவரியில் திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு' பல படி மேலே போயிருக்கிறது. அமுதவன் சென்னையில் டாக்ஸி ஓட்டுகிறான். வண்டியை எடுத்தால் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மகளோடு இருந்தால் வண்டி ஓடாது. விஷயத்தின் முடிச்சு இதுதான். அந்த முடிச்சைத் தமிழ்ச் சினிமா அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தது அபூர்வம். கடைசியில் ஒரு நல்ல உள்ளம் வந்து சேர்ந்து முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அமுதசுரபியின் ஜாடை அங்கேயும் இருக்கிறது.

பணத்தை முழுசாக எழுதிய நாவல் ஒன்று உண்டு. 2003இல் வந்த ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. அதில் போத்திவேலு பண்டாரம் அங்கஹீனர்களை வைத்துப் பிச்சை எடுக்கச் செய்து பிழைக்கிறவர். அவர்களுக்கு அங்கே 'உருப்படிகள்' என்று பெயர். விலை உண்டு, வாங்கல் விற்றல் உண்டு. பண்டாரம் தன் பெண்களிடம் மிகவும் பிரியமான தகப்பன் என்பதுதான் நாவலின் பயங்கரம். சிறந்த நாவல் அது; சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை யோசிக்கலாம். ஊனமுற்ற உடம்பு சம்பாதித்துக் கொடுக்கும்போது அதன் கணக்கைத் தமிழ் நாவல் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறது. அதே உடம்பு ஒரு சாதாரணக் குடும்பத்தில் செலவாக இருக்கும்போது கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது. பாதாளத்தில் விலை தெரிகிறது. அடுத்த தெருவில் தெரியவில்லை.

கணக்கை எழுதினால் கதை வறண்டுவிடும், அன்பைக் காசாக்குவது அன்புக்கு அவமானம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை மறுபடி ஒரு தடவை படிக்க வேண்டும். பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக் கடைச் சிப்பந்தி. சொற்பச் சம்பளம். மனைவி தீராத நோயாளி. கடை முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, அவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிற மனிதர். பண்டிகைக்குப் புடவை வேண்டுமென்றால் முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்துதான் காட்ட வேண்டும். இந்தச் சில்லறை விவரங்களை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் அன்பே மிஞ்சாது. அந்த அன்புக்கு இருப்பிடமே அங்கேதான். இல்லாத பணத்துக்கும் இருக்கிற நோய்க்கும் நடுவில் ஒரு மனிதர் தினந்தோறும் நடக்கிற நடையை எழுதினாரே, அதைவிடப் பெரிய காதல் கதை தமிழில் எத்தனை இருக்கிறது?

வெளி நாட்டிலும் பெரிய ஆசிரியர்கள் இதில் கூச்சப்படவில்லை. 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஊன்றுகோலோடு நடக்கும் குழந்தை டைனி டிம் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பான். அவனுடைய தகப்பனாருக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங் என்று டிக்கன்ஸ் சொல்லியிருப்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 15 ஷில்லிங்தான் குழந்தையின் உயிர் ஊசலாடுகிற கயிறு. டிக்கன்ஸும் கடைசியில் பணக்காரர் ஒருவரைத் திருத்தித்தான் காரியத்தை முடிக்கிறார் என்றாலும், கயிறு எவ்வளவு மெல்லியது என்பதை மறைக்கவில்லை.

1915இல் வந்த காஃப்காவின் 'உருமாற்றம்' இன்னும் கடுமையானது. ஒருவன் பூச்சியாக மாறினான் என்பதைப் பற்றி ஏராளமான தத்துவ விசாரம் நடந்திருக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு குடும்பக் கதையாகப் படித்துப் பாருங்கள். சம்பாதிக்கிற பிள்ளை படுத்துவிட்டான். அப்பா பெட்டியைத் திறந்து மிச்சப் பணத்தை எண்ணிச் சொல்கிறார். அம்மா தையல் வேலை எடுக்கிறாள். தங்கை கடையில் வேலைக்குப் போகிறாள். நகையை விற்கிறார்கள், அறையை வாடகைக்கு விடுகிறார்கள். முதலில் ஆசையாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்த அந்தத் தங்கைதான் கடைசியில் இவனை எப்படியாவது ஒழித்தாக வேண்டும் என்கிறாள். அவள் கெட்டவளாகிவிடவில்லை, களைத்துப்போய்விட்டாள். அந்தக் களைப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காஃப்கா படிப்படியாக எழுதியிருப்பதால்தான் அவளை நம்மால் வெறுக்க முடியவில்லை.

நம் நாட்டில் இப்படிப்பட்ட ஓர் அத்தியாயத்தை நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். 12 வயதில் விபத்தில் அடிபட்டு, ஆயுள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்; ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய்; வருஷத்துக்கு 1,20,000; அதை 18 மடங்காக்கி 21,60,000 ரூபாய் என்று அந்த ஓர் இனத்துக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். மருந்துச் செலவு, இழந்த வருமானம் எல்லாம் தனி. ஒருவரைத் தூக்கி உட்கார்த்துவதும் குளிப்பாட்டுவதும் உழைப்பு, அந்த உழைப்புக்கு விலை உண்டு என்று அந்த எண்கள் சொல்கின்றன. வண்டி மோதியதால் வந்த ஊனத்துக்கு இந்தக் கணக்கு. பிறவியிலேயே வந்ததற்கும், காய்ச்சலில் வந்ததற்கும் வழக்குப் போட எதிர்க்கட்சி கிடையாது. அங்கே அதே இரண்டு பேரின் உழைப்பைத் தாயும் பாட்டியும் இலவசமாகச் செய்கிறார்கள்.

இதை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். அதற்கு முன்னால் கல்வராயன் மலைக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் விழுப்புரம். வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அப்புறமும் போக வேண்டும். இப்போது தூரம் குறைந்திருக்கிறது. சலுகைகளும் உண்டு, இல்லையென்று சொல்வது நியாயமல்ல. சாதாரண நகரப் பஸ்ஸில் ஊனமுற்றவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. கடுமையான ஊனமுள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தியது.

ஆனால் பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் இல்லை; அன்றைய நாளுக்கு உண்டு. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் 2,000 ரூபாய் என்பது ஆறு நாள் சம்பளம், கொஞ்சம் சில்லறை. மலையாளிக் குடும்பத்துத் தாய் ஒருத்தி நடக்க முடியாத பிள்ளையோடு மாதம் முப்பது நாளும் வீட்டில் இருக்கிறாள் என்றால், ஆறு நாளுக்குக் கூலி கிடைக்கிறது. இருபத்து நான்கு நாள் அவள் கைப்பணம். மரவள்ளியும் சாமையும் போதாமல் மற்றவர்கள் பிழைப்புக்கு வெளியூர் போகும்போது இந்தக் குடும்பத்தில் ஒருவர் குறைவாகப் போகிறார்கள். சக்கர நாற்காலி இனாமாகவே வந்தாலும் மலைப் பாதையில் அது உருளாது. பிள்ளையை முதுகில்தான் சுமக்க வேண்டும். பிள்ளையின் எடை வருஷா வருஷம் கூடுகிறது. தாயின் முதுகு அப்படிக் கூடுவதில்லை. நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன விஷயம் வேண்டும்? இருபது வருஷத்தின் கதை இந்த ஒரு விவரத்தில் அடங்கியிருக்கிறது.

மலையடிவாரத்தில் இன்னொரு கதையும் காத்துக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அது கண் நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் உண்டு. அரசு அப்போது, இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சை பெற்றவர்களுக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று அப்போது பலர் சண்டை பிடித்தார்கள். பார்வை போனவனுக்கு 50,000 எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டவர்கள் குறைவு. அதே 319 ரூபாய்க் கூலியில் அது 157 நாள். அதற்கப்புறம் அவனைக் கைபிடித்து நடத்துகிற மனைவிக்கும் கூலி இல்லை. ஒருவன் கண் போனதில் இரண்டு பேர் வேலை போயிற்று.

கருணாபுரத்தைப் பற்றி யாராவது நாவல் எழுதத்தான் போகிறார்கள். எழுத வேண்டியதுதான். அது எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஊகித்துவிடலாம். சாராய வியாபாரி வருவான், லஞ்சம் வாங்கும் அதிகாரி வருவான், ஆஸ்பத்திரி வாசலில் ஓலம் எழும், வரிசையாகச் சிதைகள் எரியும், அதோடு முற்றும். செத்தவர்களின் கதை முடிந்துவிட்டது. ஆகவே அதை எழுதுவது எளிது. 158ஆவது நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறவரே அசல் நாவலாசிரியர். அன்றைக்கு அரிசி யார் வாங்கினார்கள்? மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்களா? மைத்துனன் முதல் தடவையாகக் கடன் கொடுக்க மறுத்தபோது என்ன வார்த்தை சொன்னான்?

அரசாங்கத்துக்கு மனுப் போட வேண்டும் என்று நான் இதைச் சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் கவலை எழுத்தைப் பற்றியது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றினார். சொல்லில் மரியாதை வந்தது, நல்லதுதான். கதைகளிலும் அந்த மரியாதை வந்துவிட்டது. ஆனால் மரியாதையும் கருணையும் சேர்ந்துகூட ஒரு மனிதரை நமக்குக் காட்டிவிட முடியாது. செலவில்லாத வீட்டில் வசிக்கிற பாத்திரம் காலண்டர் படத்தில் வசிக்கிற தெய்வத்தைப் போன்றது. கும்பிடலாம், பேச முடியாது.

இன்னொன்று. தாயின் தியாகத்தைச் செலவில்லாததாகக் காட்டுகிற ஒவ்வொரு கதையும், அப்படிப்பட்ட தாயை அடுத்த வீட்டில் வைத்திருக்கிற வாசகருக்கு ஒரு சௌகரியத்தைச் செய்து கொடுக்கிறது. அவள் அன்பாலேயே சமாளித்துக்கொள்வாள் என்று அவர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். அந்த நிம்மதியை வாசகருக்குக் கொடுக்க மறுப்பது எழுத்தாளரின் கடமை. வாசகருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அடுத்த தடவை இப்படிப்பட்ட ஒரு கதையைப் படித்துக் கண் கலங்கும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியரைக் கேட்கலாம்: எல்லாம் சரி, ஐயா, மாதச் செலவுக்கு அந்த அம்மாள் என்ன செய்தாள்?