தண்ணீர் எப்படி வெளியே போகிறது?

எத்தனை கிலோ, எத்தனை ஆர்.பி.எம்., எத்தனை நட்சத்திரம் என்பதோடு வாஷிங் மெஷின் விமர்சனங்கள் முடிந்துவிடுகின்றன. துவைத்த தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்தர வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் ரேழியில் தொடங்கிக் கொல்லைவரை நீளும். மெஷின் பெரும்பாலும் பின்தாழ்வாரத்தில் இருக்கும். அதற்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு கட்டைச் சுவரோ வாசற்படியோ குறுக்கிடும். அங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

டாப் லோடு பலவற்றில் பம்ப் கிடையாது. சிறிய மோட்டார் ஒன்று வால்வை இழுத்துத் திறக்கும், தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அதனால் வடிகுழாய் தரையோடு படுத்திருக்க வேண்டும். தில்லை நகரில் அக்கா வீட்டு மெஷினில் தண்ணீர் பாதியில் நின்றது. மோட்டார் போய்விட்டது என்றே அத்திம்பேர் முடிவு கட்டியிருந்தார். பால்கனிப் படிமேல் ஏறியிறங்கிய குழாயை எடுத்துக் குளியலறைத் தரையில் போட்டோம், மளமளவென்று வடிந்தது. செமி ஆட்டோமேட்டிக்கிலும் இதே கணக்குதான். அதில் கூடுதலாக, வடிகால் திருகை வால்வோடு இணைக்கும் கயிறு அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஃப்ரண்ட் லோடில் எல்லாம் தலைகீழ். பம்ப் இருப்பதால் குழாய் உயர்ந்தே இருக்க வேண்டும், பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை. தரையில் போட்டால் தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியேறிக்கொண்டே இருக்கும்.

என் வீட்டில் இருப்பது ஃப்ரண்ட் லோடு. அதில் எனக்கு மிகவும் பிடித்த பாகம், முன்பக்கம் கீழ் மூலையில் இருக்கும் சின்னக் கதவு. அதற்குள்தான் பம்பின் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டு, அகலத் தட்டு ஒன்றை வைத்து, அருகிலுள்ள சிறு குழாய் வழியே தண்ணீரை வடித்த பிறகே ஃபில்டரை மெல்லத் திருக வேண்டும். அவசரப்பட்டால் கூடமெல்லாம் வெள்ளம். ரவிக்கைக் கொக்கி, ஊக்கு, சில்லறைக் காசு எல்லாம் அங்கே அகப்படும். வேட்டி அதிகம் துவைக்கும் வீடென்றால் நூல் திரிதிரியாக வரும். உள்ளே டார்ச் அடித்து, பம்பின் சிறு சக்கரத்தைக் குச்சியால் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுத் துள்ளித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுதல்ல.

காதையும் நம்பலாம். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் நகரவில்லை என்றால் அடைப்பு. சத்தமே இல்லையென்றால் பம்போ வயரோ போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும். எல்ஜியில் ‘ஓஇ’, சாம்சங்கில் ‘5சி’, பாஷ் மெஷின்களில் ‘இ18’ என்று திரையில் வந்தால் மூன்றுக்கும் பொருள் ஒன்றே: தண்ணீர் வடியவில்லை.

நம்மூரில் இன்னொரு காரணமும் உண்டு. போர்வெல் உப்புத் தண்ணீரில் நுரை வராது என்று பவுடரைக் கூட்டிப் போடுகிறோம். காவிரித் தண்ணீர் வரும் நாளிலும் கை அதே அளவை அள்ளுகிறது. நுரை பொங்கிவிட்டால் பம்பால் அதைத் தள்ள முடியாது, மெஷின் சுழலாமல் திணறும். ஃப்ரண்ட் லோடுக்கு உரிய பவுடரையே, தண்ணீருக்கேற்ற அளவில் போடுங்கள்.

என் தீர்ப்பு இது. சாக்கடை தாழ்வாக, நேராக இருக்கும் வீட்டுக்குப் பம்ப் இல்லாத டாப் லோடு தாராளமாகப் போதும். கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு. படி தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும் என்றால், பம்ப் உள்ள மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை. கடைக்காரரிடம் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள், ஃபில்டர் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் அந்தக் கதவு சுவரைப் பார்த்தபடி மாட்டிக்கொள்ளாமல், முன்னால் உட்கார்ந்து தட்டு வைக்க இடம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.