இரு உலகங்களும் ஓர் அறையும்

ஹவானா நகரின் பழைய பகுதியிலே, ஒபிஸ்போ வீதியும் மெர்க்கடேரஸ் வீதியும் சந்திக்கும் மூலையில், 1920களில் எழுந்த ஒரு ஹோட்டல் நிற்கிறது. 'அம்போஸ் முண்டோஸ்' என்பது அதன் பெயர். 'இரு உலகங்கள்' என்பது அதன் பொருள். இதன் ஐந்தாம் மாடியிலுள்ள 511 ஆம் இலக்க அறையிலே, 1932 தொடக்கம் 1939 வரை, எர்னஸ்ட் ஹெமிங்வே பல தடவை வந்து தங்கினார். பிற்காலத்தில் அவ்வறை காட்சிக்கூடமாக்கப்பட்டது. கட்டில், மேசை, தட்டச்சுப்பொறி என்பன பார்வைக்கு வைக்கப்பட்டன. பக்கத்து அறையிலே ஓர் இரவைக் கழித்துவிட்டு, மேதையின் மூச்சுக்காற்றைத் தாமும் சுவாசித்ததாக எழுதும் பயணிகள் பலர்.

இத்தகைய எழுத்துக்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. இவற்றுக்குள் இலக்கியம் பற்றிய ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. எழுத்தாளன் தனியறையிலிருந்து படைக்கிறான். ஆகவே அறையைக் கண்டவன் படைப்பின் ஊற்றைக் கண்டவனாகிறான் என்பதே அக்கோட்பாடு. மேசையிலே எழுதப்பட்டதெல்லாம் மேசையிலே பிறந்ததென்று நம்புவது, நெல் அரிசிக்கடையில் விளைகிறது என்று நம்புவதற்கு ஒப்பாகும்.

ஹெமிங்வேயின் எழுத்தே இதற்குச் சான்று. 1933 இல் 'எஸ்குயர்' சஞ்சிகையின் முதல் இதழில் அவர் எழுதிய கட்டுரையிலே, தம் அறைச் சாளரங்களிலிருந்து தெரியும் தேவாலயத்தையும் துறைமுக வாயிலையும் கடலையும் விவரிக்கிறார். மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு நகரம் அழகிய காட்சியாகிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, அச்சாளரங்களின் கீழே பரந்த நகரில், பொது வேலைநிறுத்தம் மச்சாடோவின் சர்வாதிகாரத்தை வீழ்த்தியது. 1937 இல் வெளிவந்த 'டு ஹாவ் அன்ட் ஹாவ் நொட்' என்ற நாவல் ஹவானாவின் விடியற்காலையிலே, சுவரோரங்களில் வீடற்றோர் உறங்கிக் கிடக்கும் காட்சியோடு தொடங்குகிறது. சாளரத்தை விட்டு எழுத்தாளர் வீதிக்கு இறங்கிவிட்டார் எனலாம். தனி மனிதனுக்கு எந்த வாய்ப்பும் இல்லை என்பதை, குண்டடிபட்டுச் சாகும் தறுவாயில் அதன் நாயகன் ஹரி மோர்கன் உணர்கிறான்.

எனினும் அந்த இறக்கம் முழுமையானதன்று என்பதையும் நாம் கூறியாக வேண்டும். அந்நாவலிலே கியூபப் புரட்சியாளர் வங்கிக் கொள்ளைக்காரராகவே முன்னிற்கின்றனர். ஏமாற்றப்படும் சீனக் குடியேறிகளுக்குக் குரலே இல்லை. வீதி தெரிகிறது, வீதியில் வாழ்வோரின் உள்ளம் தெரியவில்லை. 1939 இல் ஆசிரியர் ஹோட்டலை விட்டு நகர்ப்புறத்துக் கிராமமொன்றிலே தோட்டவீட்டிற் குடியேறினார். அது ஏழையின் குடிசையன்று. ஆயினும் அங்கே அயலவர் இருந்தனர், அருகே மீனவர் இருந்தனர். தமிழ் வாசகர் 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் அறிந்த 1952 ஆம் ஆண்டுப் படைப்பிலேதான் ஒரு கியூப உழைப்பாளி கதையின் நடுவே மனிதனாக நிமிர்ந்து நிற்கிறான். அக்கிழவனை 511 ஆம் அறையிலே தேடிப் பயனில்லை.

இதுவரை கூறியதை எம் வாசகர் பலர் எளிதில் ஏற்பர். இனிக் கூறப்போவது எமக்கே கசப்பானது.

பழைய ஹவானா 1982 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991 இற் சிதைந்தபின் கியூபாவிலே உணவுக்கே தட்டுப்பாடு வந்தது. பழைய வீடுகள் இடிந்து விழுந்தன. 1993 இல் நகர வரலாற்றாளர் அலுவலகத்துக்குத் தானே தொழில் நடத்தி வருமானம் ஈட்டும் அதிகாரம் வழங்கப்பட்டது. யூசெபியோ லியால் தலைமையில் அவ்வலுவலகம் ஹோட்டல்களைப் புதுப்பித்து, வருமானத்தில் ஒரு பகுதியைக் குடியிருப்புக்கும் முதியோர் இல்லத்துக்கும் மருத்துவ வசதிக்கும் செலவிட்டது. பாடசாலைகள் திருத்தப்பட்ட காலத்தில் நூதனசாலைகளிலே வகுப்புகள் நடந்தன. ஓவியங்களின் நடுவே கணக்குப் பயின்ற அப்பிள்ளைகளை எண்ணுகையில் ஆசிரியர்களாகிய எம்மிற் பலருக்கு மகிழ்ச்சியே உண்டாகும். பழமையைப் பேணுவது மக்களைத் துரத்துவதாகவே இருத்தல் வேண்டும் என்ற விதியில்லை என்பதை இம்முயற்சி காட்டிற்று.

ஆனால் அதே ஹோட்டல்களின் வாசலிலே கியூபர் தடுக்கப்பட்டனர். அந்நியச் செலாவணிக்காகத் திறந்த ஹோட்டல்களில் அந்நாட்டுக் குடிமக்கள் அறையெடுத்துத் தங்க 2008 மார்ச் வரை அனுமதியில்லை. தடை நீங்கிய வேளையில் சராசரி மாத ஊதியம் ஏறத்தாழ 20 டொலர். ஓர் இரவு வாடகையோ அதனிலும் அதிகம். சட்டம் திறந்த கதவை விலை மூடிற்று. 2016 இல் அலுவலகத்தின் ஹோட்டல்கள் இராணுவத்தைச் சார்ந்த வணிக நிறுவனத்தின் கைக்கு மாறின.

வெள்ளையர் கழகங்களின் வாசலிலே சுதேசிகள் தடுக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லி நாம் கோபங்கொண்டோம், அக்கோபம் நியாயமானது. ஹவானாவின் வாசலில் அதே காட்சி நிகழ்ந்தபோது எம்மிற் பலர் மௌனம் சாதித்தோம். அமெரிக்காவின் பொருளாதாரத் தடை அந்நாட்டை நெரித்தது உண்மை, நெருக்கடி உண்மை, டொலர் தேவைப்பட்டதும் உண்மை. காரணத்தை விளங்கிக்கொள்வது ஒன்று, காரணத்தைக் காட்டி அநீதிக்கு வேறு பெயரிடுவது மற்றொன்று. எதிரியின் தவறை அளக்கும் கோலால் நண்பனின் தவறை அளக்கத் துணியாத விமர்சனம் விமர்சனமாகாது. அது வழக்கறிஞர் தொழில்.

பழைய ஹோட்டலிலே தங்குவது குற்றமன்று. ஆனால் அங்கே தங்கி எழுதுபவரிடம் நாம் கேட்க வேண்டியது, ஹெமிங்வே எந்தக் கட்டிலிற் படுத்தார் என்பதன்று. விரிப்பை மாற்றும் பெண்ணின் வீடு மழைக்கு ஒழுகுகிறதா? விருந்தினர் செலுத்தும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது? அவ்வீதியிற் பிறந்தவர் அவ்வாசலை எவ்வாறு கடக்கிறார்? இவற்றுக்கு விடை தேடும் எழுத்தே பயண இலக்கியம் என்ற பெயருக்கு உரியது. ஹோட்டலுக்குப் பெயரிட்டவர்கள் எவ்விரு உலகங்களை எண்ணினார்களோ, அறியோம். சாளரத்தின் மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக அவை இன்னும் பிரிந்தே கிடக்கின்றன.