மாதம் ஒரு தலைப்பு: நம் பிள்ளைகள் எதைப் பார்த்து வரைகிறார்கள்?



எங்கள் புலனக் குழுவில் சில மாதங்களாக ஒரு நல்ல பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு தலைப்பு கொடுப்போம். மாணவர்கள் அதை ஸ்கெட்ச் புத்தகத்தில் வரைந்து, பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவார்கள். பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் பக்கத்துப் பிள்ளைகள். கை நன்றாகவே திருந்தியிருக்கிறது. ஒளி, நிழல் எல்லாம் தைரியமாகப் போடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது குறை.

ஒரு மாதத் தலைப்பு 'தேயிலை'. இருபத்து மூன்று படங்கள் வந்தன. பதினெட்டில் ஒரே பெண்! முதுகில் மூங்கில் கூடை, நெற்றியில் பட்டை, இரு விரலால் கொழுந்து கிள்ளுகிறாள், பின்னால் சூரியன். முகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இப்போது சுங்கை பாலாஸ் போகும் சாலையில் நின்று பாருங்கள். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் வெட்டும் மிஷின். அதன் பின்னால் ஒரு நீளப் பை காற்றில் உப்பிக்கொண்டு வரும். மிஷின் ஏற முடியாத சரிவென்றால் கையில் பெரிய கத்தரி இருக்கும். பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் பள்ளி வேனில் தினமும் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். மிஷின் சத்தம் வகுப்புக்குள்ளேயே கேட்கும் நாளும் உண்டு.

அப்படியானால் அந்தக் கூடை எங்கிருந்து வந்தது? கூகுளில் இருந்துதான். 'தேயிலை' என்று தேடினால் டார்ஜிலிங் வரும், மூணாறு வரும், நுவரெலியா வரும். நுவரெலியாவில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது இன்றும் நடக்கிற வேலை. அங்குள்ள ஒரு பிள்ளை தன் அம்மாவை அப்படி வரைந்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். இங்கே அது இரவல்.

பதினெட்டில் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். அதில் பட்டைக்கும் தலைக்கும் நடுவே மடித்த துணி ஒன்று இருந்தது. கேட்டேன். "பாட்டிதான் சொன்னாங்க டீச்சர். துணி வைக்கலனா தலை வலிக்குமாம்" என்றாள் அந்த மாணவி. அதுவும் கூடைதான், ஆனால் அது பாட்டியிடமிருந்து வந்த கூடை. இந்த மலையிலும் ஒரு காலத்தில் கையால்தான் கிள்ளினார்கள். போ தோட்டம் 1929-இல் தொடங்கிய கதையைப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். லயத்தில் வாழ்ந்தவர்களின் கதை வீட்டிலேயே கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

கட்டுரைத் தாளிலும் இதே நோய்தான், கவனித்திருப்பீர்கள். 'நான் ஒரு தேயிலைச் செடி' என்று தன்கதை எழுதச் சொன்னால், மாதிரிக் கட்டுரையில் வந்த அதே வளைக்கரம், அதே வைகறை. திருத்துகிறவர் இருபதாவது தாளிலும் அந்த வளைக்கரத்தைத்தான் பார்ப்பார்.

இந்த மாதத் தலைப்பு முறை எங்கே பிரபலமானது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2009-இல் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர், மையால் வரையும் தன் பயிற்சிக்காக அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கொரு படம் வரைந்தார். அதுதான் 'இங்க்டோபர்'. பின்னாளில் நாளுக்கொரு சொல் என்று 31 சொற்களின் பட்டியலும் சேர்ந்தது. 2019 பட்டியலில் 11-ஆம் நாள் 'ஸ்னோ', 12-ஆம் நாள் 'டிராகன்'. சோம்பலை உடைக்க இது அருமையான வழி. வெறும் தாளைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், கை ஓடும். ஆனால் சொல் எங்கே அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். 'ஸ்னோ'வை நாங்கள் 'பனி' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தோம். வந்தவை கேரட் மூக்கு வைத்த பனிமனிதர்கள். அன்று காலை பிரிஞ்சாங் கடைத்தெரு பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது! தமிழில் 'பனி' என்றால் மூடுபனியும்தான், புல்லில் நிற்கும் துளியும்தான். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்துக்கே பெயர் வைத்த மொழி இது. நம் சொல் நம் சன்னலைத் திறந்துவிட்டது. பிள்ளைகள்தான் வேறு பக்கம் பார்த்தார்கள்.

இலக்கிய மாணவர்களே, இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நாவல் கேள்வியில் 'கருப்பொருள்' என்றால் 'தீம்' என்று எழுதுகிறீர்கள். சரிதான், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தொல்காப்பியர் சொன்ன கருப்பொருள் வேறு. ஒரு நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்த மண்ணிலேயே கருக்கொண்ட பொருள்கள் அவை. மாதத் தலைப்பை இந்தப் பழைய பொருளில் கொடுத்துப் பாருங்களேன். நாம் குறிஞ்சியில் உட்கார்ந்திருக்கிறோம். உணவு என்றால் சந்தையில் அடுக்கிய கோபிஸ். தொழில் என்றால் அந்த மிஷின். இரவு என்றால், செவ்வந்தித் தோட்டங்களில் பூவைத் தள்ளிப்போட எரியவிடும் விளக்குகள். மலைச்சரிவே ஒளிரும். இதுவரை ஒரு பிள்ளைகூட அதை வரையவில்லை.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கினால் கிந்தா பள்ளத்தாக்கு. அங்கே வளர்ந்த லாட், 1979-இல் வந்த 'கம்போங் பாய்' நூலில் ஈயம் அள்ளும் கப்பலை வரைந்தார். அவர் ஊரின் 'மிஷின்' அது. அழகில்லை என்று விட்டுவிடவில்லை.

தமிழ்நாட்டில் மனோகர் தேவதாஸ். 1936-இல் மதுரையில் பிறந்தவர். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனது. ஆனாலும் மீனாட்சி கோவிலையும் யானைமலையையும் மைப்பேனாவால் நுணுக்கி நுணுக்கி வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது, 2022-இல் மறைந்தார். அவர் கோட்டுப் படங்களில் நான் வியப்பது நுணுக்கத்தை அல்ல. நுணுக்கம் பயிற்சியில் வரும். மதுரையை அவர் சிறுவயதிலிருந்து பார்த்துச் சேர்த்து வைத்திருந்தார். கண் மங்கிய பிறகும் கைக்கு எடுத்துக் கொடுக்க அந்தச் சேமிப்பு இருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. சேமிப்புதான் இல்லை.

பகிர்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2007-இல் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' குழுவினரும் படங்களை இணையத்தில்தான் பகிர்கிறார்கள். ஆனால் நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பகிர்வது தப்பில்லை. எதைப் பாராட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு. அந்த 'தேயிலை' மாதத்தில் ஒரே ஒரு பையன் மிஷினை வரைந்திருந்தான். கோடு கோணல், பை பலூன் மாதிரி இருந்தது, இரண்டு பேருக்கும் முகமே இல்லை. இரண்டு கட்டைவிரல் விழுந்தன. கூடைப் பெண்ணுக்கு நாற்பது இதயம். அதில் ஒன்று நான் போட்டது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, ஏன் முகம் போடவில்லை என்று கேட்டேன். "அவங்க தலையைக் குனிஞ்சே இருந்தாங்க டீச்சர். தொப்பிதான் தெரிஞ்சது" என்றான். எங்கே நின்று வரைந்தாய் என்றேன். லயத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, சாயங்காலம் நாலு மணிக்கு, மழை வருவதற்குள் என்றான். அதைப் படத்தின் அடியில் எழுதச் சொன்னேன். எழுதினான்.

இப்போது குழுவில் ஒரு சின்ன விதி வைத்திருக்கிறோம். படத்தின் கீழே இடமும் நேரமும் எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர் சொல்லி வரைந்தால் 'பாட்டி சொன்னது', 'தாத்தா சொன்னது' என்று போடலாம். கூகுளைப் பார்த்தால் கூகுள் என்று எழுதட்டும், அதற்கும் தடையில்லை. அடுத்த மாதத் தலைப்பு 'பறை'. வாட்சாப் ஸ்டிக்கர் மேளத்தை எதிர்பார்க்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா மேளத்தை யார் தட்டுகிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வரைந்து அனுப்புங்கள்.